பாதியில ஆரம்பிக்கிற பாட்டு

காதுல இருக்கிற ஒயரைக் கழட்டுனாத்தான் தம்பி நான் பேசுறது கேக்கும். கழட்டாட்டாலும் கேக்கும், அது வேற. எனக்கு மெதுவாப் பேச வராது. கப்பல்ல இன்ஜின் ரூம்ல கெடந்தவன் நான். அங்க பக்கத்துல நிக்கிறவன்கிட்ட ஸ்பானரை எடுன்னு சொல்லணும்னாலும் அடுத்த தெருக்காரனைக் கூப்பிடுற மாதிரிதான் கூப்பிடணும். வேலையை விட்டு வந்தாச்சு, தொண்டைக்கு மட்டும் அது இன்னும் தெரியல. மணப்பாடு ஒண்ணுன்னு கேட்டதுக்குக் கண்டக்டர் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு பாத்தியளா, சண்டைக்கு வாரேன்னு நெனச்சுட்டாரு.

நீங்க எது வரைக்கும்? உவரியா? நல்லதாப் போச்சு. நான் எறங்குற வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. தூத்துக்குடியில ஏறி இந்த ரோட்டுல பேசாம உக்காந்திருந்தா வழி நீண்டுக்கிட்டே போகும்.

பை இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கிடுதேன். உள்ள டேப் ரெக்கார்டர். சிரிக்காதிய. விக்கக் கொண்டு போகல, எவன் வாங்குவான் இதை. எங்க வீட்டம்மாகிட்ட கொண்டு போறேன். மணப்பாட்டுல அவ அக்கா வீட்டுல இருக்கா. அக்கா வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சு போச்சு, பாத்துக்கப் போயிருக்கா. வேற ஒண்ணுமில்ல. தவக்காலத்துக்கு முந்திப் போனா. இப்ப அந்த அக்கா மலை மேல இருக்கிற சிலுவைக் கோயிலுக்கு ஏறிப் போயிப் பூசை பாத்துட்டு வாராளாம். எலும்பு விசயம்லா, முழுசாக் கூடுறதுக்கு நாளாகும்.

நான் ஒண்ணும் பொண்டாட்டியைத் தேடி அலையிற ஆளு இல்ல. ஒத்தையில இருந்து பழகுனவன். சோறு பொங்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், பட்டன் தைக்கக் கூடத் தெரியும். இருந்தாலும் கப்பல்ல ஒத்தையில இருக்கிறது வேற, வீட்டுல ஒத்தையில இருக்கிறது வேற. கப்பல்ல யாரும் வர வேண்டியதில்ல. வீட்டுல வாசல் கேட்டு தொறக்கிற சத்தம் கேட்டா நிமிந்து பாக்கத்தான் செய்யுது. அதைத்தான் சொல்லுதேன்.

எனக்கு ஆவலாதி, மனக்கொறை எல்லாம் அவ மேல இல்ல தம்பி. ஒரு பாட்டுக்காரன் மேல.

அந்தக் காலத்துல கேசட்டுல பேசி அனுப்புவோம், உங்களுக்கு ஞாபகம் இருக்கா? சவுதி போனவன், துபாய் போனவன் எல்லாரும் அப்படித்தான். ஊருக்கு வாரவன் கையில குடுத்து விட்டா வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாவ. எழுதுறதுக்கு எனக்குக் கையும் வராது, பொறுமையும் கெடையாது. எங்க கப்பல் அப்ப நாப்பொலியில ரிப்பேருக்குக் கட்டிக் கெடந்துச்சு. இத்தாலியில இருக்கு. நம்ம ஆளுக நேப்பிள்ஸும்பாவ, அந்த ஊர்க்காரன் நாப்பொலிம்பான். வீட்டுல அப்ப மாடி கட்டுற வேலை ஓடிக்கிட்டிருக்கு. எங்கம்மாவுக்கும் தம்பிக்கும் சொல்ல வேண்டியது மலை மாதிரி கெடக்கு. கடைக்குக் கடை ஏறி எறங்குனேன், வெறும் கேசட்டு ஒருத்தன்கிட்டயும் இல்ல. துறைமுக வாசல்ல ஒருத்தன் தரையில துண்டை விரிச்சுப் பாட்டுக் கேசட்டு போட்டிருந்தான். ஒண்ணைப் பொறுக்கி எடுத்தேன், பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னக் கேசட்டு. அட்டையில ஒரு தடியன். தாடி, கறுப்புக் கோட்டு, வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கான்.

பாட்டுக் கேசட்டுல எப்படிப் பேசன்னு கேக்காதிய. மேல ரெண்டு ஓட்டை இருக்கும். அதுல பேப்பரை மடிச்சுத் திணிச்சா ரெக்கார்டு பட்டன் எறங்கிரும். நான் திணிச்சுக்கிட்டு இருக்கிறதை செகண்ட் இன்ஜினியர் பாத்துட்டான். அவன் நாப்பொலிக்காரன். தலையில அடிச்சுக்கிட்டான். இந்த ஆளு யாருன்னு தெரியுமால உனக்கு, பெரிய பெரிய ஆப்ரா நாடக மேடையில ராஜா வேசம் கட்டிப் பாடுறவரு, அவரு எங்க ஊர்ப் பாட்டைப் பாடியிருக்காரு, அதை அழிக்கப் போறியேன்னு கெடந்து குதிக்கான். இது இத்தாலி பாஷை கூட இல்லையாம். துறைமுகத்துப் பேச்சாம். ரோமாபுரிக்காரனுக்கே பாதிதான் வெளங்குமாம். நம்ம கடக்கரைப் பேச்சு மெட்ராஸ்காரனுக்கு வெளங்காதுல்லா, அந்த மாதிரி. உன் வீட்டுக்காரி பேரு என்னன்னு கேட்டான். சொன்னேன். உடனே சிரிச்சுக்கிட்டு என்னமோ பாடிக் காட்டுனான். எனக்கு எங்க அதுல கவனம், சிமெண்டு மண்டையில ஓடுது.

முதல் பக்கம் பூரா அம்மாவுக்கும் தம்பிக்கும் பேசுனேன். படிக்கட்டு எங்க வரணும், ஜன்னல் எந்தப் பக்கம் தொறக்கணும், கொத்தனார் எப்படி ஏமாத்துவான், எல்லாம். நாடா முடிஞ்சு போச்சு. திருப்பிப் போட்டு வீட்டம்மாவுக்குப் பேசுனேன். கல்யாணம் முடிஞ்சு ரொம்ப நாள் ஆகல அப்ப. அம்மாவைப் பாத்துக்க. சிமெண்டு மூட்டை நனையாமப் பாத்துக்க. கெணத்துப் பக்கம் வழுக்கும், பாத்து நட. வேற என்ன... வேற ஒண்ணுமில்ல. வச்சிருதேன்.

அவ்வளவுதான். மீதி நாடாவை நான் தொடல. அங்கதான் தம்பி வம்பு வந்து ஒக்காந்துச்சு. நான் வச்சிருதேன்னு சொன்ன அடுத்த நிமிசம் டக்குன்னு ஒரு சத்தம், அந்தத் தடியன் பாடுதான். பாதிப் பாட்டுல இருந்து. நான் பேசுனதுல அவன் பாட்டோட முன்பாதி அழிஞ்சு போச்சு, பின்பாதி நிக்கிது.

அந்தப் பின்பாதியை எங்க தெருவே மனப்பாடமாக் கேட்டிருக்கு. நான் தொண்டை வலிக்கப் பேசுனதுல ஒரு வார்த்தை ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஜன்னலை நான் சொன்ன பக்கம் கூட வைக்கல. இந்தத் தடியன் பாட்டு மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதுலயும் எங்கம்மா என்ன நெனச்சிருக்கான்னா, நான்தான் பாடுதேன்னு நெனச்சிருக்கா. எம் பிள்ளை லத்தீன்ல கோயில் பாட்டு நல்லாப் படிக்கான்னு சாமியார்கிட்டயே சொல்லியிருக்கா. சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தா. பக்கத்து வீட்டுப் பிரகாசியம்மா, அதுவும் அப்படித்தான். இவகிட்ட வந்து, கார்மேலு, உன் மாப்பிள்ளைக்கு இம்புட்டுக் குரலான்னு கேட்டிருக்கு. இவளுக்குத் தெரியும்லா? அட்டையில படம் இருக்குல்லா? வாயைத் தொறக்கல. சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கா.

இது ஒண்ணும் எனக்குத் தெரியாது. லீவுல வருவேன், போவேன். நான் வீட்டுல இருக்கிறப்ப அவ டேப்பைத் தொடவே மாட்டா. பிள்ளை குட்டியும் இல்ல. மொத்தமா வேலையை விட்டு வந்து ஒக்காந்த பொறவுதான் எல்லாம் வெளியில வருது. வந்த புதுசுல கூட அவ போடல. நான் பேப்பர் படிப்பேன், துறைமுகம் வரைக்கும் நடந்து போயிட்டு வருவேன், சாப்பிடுவேன், படுப்பேன். மத்தியானம் சாப்பிட்டு முடிச்சா எனக்கு எதுக்க நாற்காலியைப் போட்டு ஒக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பா. என்னன்னு கேப்பேன். ஒண்ணுமில்லம்பா. இப்படிக் கொஞ்ச நாள். பொறவு ஒரு நாள் டேப்பை எடுத்துத் தொடச்சுப் பாட்டைப் போட்டா.

நெனச்சுப் பாருங்க. நான் உசுரோட எதுக்க உக்காந்திருக்கேன். உள்ள இருந்து நானே கத்துதேன், சிமெண்டு மூட்டை நனையாமப் பாத்துக்கன்னு. அந்த மாடி கட்டி, விரிசல் விட்டு, பூசி, திரும்ப விரிசல் விட்டாச்சு. அதுக்கும் அவ தலையாட்டிக் கேக்கா. பொறவு தடியன் வாரான். உடனே கண்ணை மூடிக்கிடுதா. நான் ஏதாவது சொன்னா கையை இப்படித் தூக்குவா, இருங்கன்னு. சொந்த வீட்டுல எனக்குக் கை காட்டுதா.

அதை விடக் கேளுங்க. எங்க பக்கத்துல பொம்பளைக புருசனைப் பேர் சொல்ல மாட்டாவ, தெரியும்லா? அவியம்பாவ. அவிய வந்தாச்சா, அவிய சாப்டாச்சா. இவ பாட்டுக்காரனையும் அவியங்கா. ஒரு நாள் மதில் மேல சாஞ்சு நின்னு பிரகாசியம்மாகிட்ட சொல்லுதா, அவியளுக்கு இன்னைக்கு மேலுக்குச் சொகமில்ல போலக்கா, குரல் இழுக்குன்னு. நான் உள்ள இருந்து ஓடி வந்தேன். எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்னு சொன்னேன். பிரகாசியம்மா முந்தானையை வாயில பொத்திக்கிட்டுச் சிரிக்கி. பேட்டரி எறங்கிப் போயிப் பாட்டு இழுத்திருக்கு, அதைச் சொல்லியிருக்கா. இவ சிரிக்கல. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு எப்படி இருக்கும்? அவ வாயில அவியங்கிறது ஊர்ல எனக்கு மட்டும் பாத்தியதை உள்ள சொல்லு. அதையும் அந்தத் தடியனுக்குத் தூக்கிக் குடுத்துட்டா.

ஆத்தூர் பாலம் வந்தாச்சு. ஜன்னலை ஏத்தி விடுங்க, காத்து வரட்டும்.

ஒரு தடவை அவகிட்டயே கேட்டுட்டேன். இதுல உனக்கு என்ன வெளங்குதுன்னு இதைப் போய்க் கேக்கன்னு. அவ சொல்லுதா, இந்த எடத்துல அவிய மூச்சு வாங்குறது கேக்குதா? அந்த மூச்சை வாங்கிட்டுத்தான் கூப்பிடுவாவ, கேளுங்கன்னு. கேட்டேன். மூச்சு வாங்குதான். பொறவு மேல போயி, கார்மே அப்படின்னு ஒரு கூப்பாடு. அப்பதான் அது எனக்கு ஒறைக்குது. அவ பேரு. அந்த ஊர்ல பேரைக் கூப்பிடும்போது வாலை விழுங்கிருவான், அதனால முழுசா வரல, ஆனா அவ பேருதான். இவ கன்னம் செவந்து போச்சு. அந்த வயசுல தம்பி, ஒரு பொம்பளைக்குக் கன்னம் செவக்குது, எவனோ பாடுனதுக்கு.

நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. ஏட்டிம்பேன். இந்தாம்பேன். எங்கப்பா எங்கம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாரு, அதுல என்ன கொறஞ்சு போச்சு. நீங்க சின்ன ஆளு, பேரைச் சொல்லுவிய.

இந்தக் கூத்து பிரகாசியம்மா வீட்டு ஞானஸ்நான விருந்துல வந்து வெடிச்சுச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை. பந்தல் போட்டு மைக் செட்டு வச்சிருக்காவ. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறப்ப பிரகாசியம்மா மைக்கைப் பிடிச்சு, நம்ம கஸ்பார் அண்ணன் இப்ப நாப்பொலிப் பாட்டு ஒண்ணு படிப்பாவ, எத்தனை வருசமா கேசட்டுலயே கேட்டுக்கிட்டிருக்கோம், இன்னைக்கு நேருல கேப்போம்னு சொல்லிருச்சு. எல்லாரும் கையைத் தட்டுதாவ. கையைப் பிடிச்சு இழுக்காவ. நான் எச்சிக் கையோட எந்திரிச்சு நிக்கேன். இவ பந்தி வெளம்பிக்கிட்டு நிக்கா. வாயைத் தொறந்து இல்லன்னு ஒரு சொல்லு சொல்லலாம்லா? சொல்லல. கையில கறிச்சட்டியோட நின்னு என்னையப் பாக்கா. பாடப் போறேன்னு அவளும் நம்புன மாதிரி ஒரு பார்வை.

நான் மைக்கை வாங்குனேன். எனக்கு மைக்கே தேவையில்ல, இருந்தும் வாங்குனேன். உள்ளதைச் சொன்னேன். அது நான் இல்ல. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. வெறும் கேசட்டு கெடைக்காம வாங்குன கேசட்டு. எனக்குப் பேச வேற ஒண்ணும் இல்ல, நிறுத்திட்டேன், அதனால மிச்சம் இருந்த நாடாவுல அவன் கெடந்து கத்துதான். அது பாட்டு இல்ல, மிச்சம். இப்படிச் சொன்னேன். பந்தல் பூரா விழுந்து விழுந்து சிரிக்கி. நான் நல்லாத்தான் பேசுனேன்னு சொல்லணும், மறுநா கூடத் தெருவுல ஒருத்தன், அண்ணே மிச்சம் எப்படி இருக்குன்னு கேட்டுச் சிரிச்சான்.

இவ சட்டியைக் கீழ வச்சுட்டு வீட்டைப் பாத்து நடந்துட்டா. பின்னாடியே போனேன். வழியில ஒண்ணே ஒண்ணு கேட்டா. அப்ப அந்தப் பேரு காதுல விழுந்து அந்தக் கேசட்டை வாங்கலியா நீங்க?

எந்தப் பேரைன்னேன்.

கார்மேன்னு கூப்பிடுறதை.

அட, அந்த ஊர்ல தெருவுக்கு நாலு கார்மே இருப்பா, அவன் எவளைக் கூப்பிட்டானோன்னு சொன்னேன். உண்மைதான தம்பி?

கொஞ்ச தூரம் நடந்தா. அப்ப அந்த வச்சிருதேனுக்குப் பொறவு வேற ஒண்ணுமில்லையான்னு கேட்டா.

வேற என்ன இருக்குன்னு சொன்னேன்.

அன்னையோட பாட்டு நின்னு போச்சு. ஒரு வார்த்தை சண்டை இல்ல, கோவம் இல்ல. டேப்பைத் துணி சுத்தி அலமாரி மேல வச்சுட்டா. எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னா, தடியனை வீட்டை விட்டு வெரட்டியாச்சுன்னு இருந்துச்சு. ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு மத்தியானம் சாப்பிட்டு ஒக்காந்தா வீடு கெடக்கிற அமைதியில ஃபேன் சுத்துறது மட்டும் கேக்கு. எதுக்க நாற்காலி போட்டு ஒக்காருறதும் இல்ல. அடுப்படியில இருப்பா, இல்ல கொடியில துணி எடுத்துக்கிட்டு இருப்பா. நானே ஒரு நாள், என்ன, உன் பாட்டுக்காரன் வரலியான்னு கேட்டேன். பேட்டரி இல்லன்னா. கடைக்குப் போயி வாங்கிட்டு வந்து குடுத்தேன். அதை எடுத்து டார்ச் லைட்டுல போட்டுட்டா.

பொறவு அக்கா கால் ஒடஞ்சுச்சு, போயிட்டா. போன்ல பேசுவோம். சாப்டியளாம்பா, சாப்டேம்பேன். அக்கா எப்படி இருக்காம்பேன், இருக்காம்பா. வேற என்னம்பேன். ஒண்ணுமில்லம்பா. வச்சிருவோம். என்னைக்கு வாரேன்னு நான் கேக்கல. கால் ஒடஞ்ச வீட்டுல போயி அதைக் கேக்கிறது நல்லா இருக்காது.

காயல்பட்டினமா இது? அதுக்குள்ளயா?

ஒரு நாள் மத்தியானம் நானே அலமாரியில இருந்து அதை எறக்குனேன். சும்மா, ஓடுதான்னு பாக்கத்தான். போட்டேன். முதல்ல நான் கத்துதேன். என் குரலை நானே கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிப் போச்சு, எவனோ மேஸ்திரி ஆளுகளை வெரட்டுற மாதிரி இருக்கு. வச்சிருதேன்னு சொன்னேன். டக்குன்னு அவன் வந்தான்.

உள்ளதைச் சொல்லணும்லா தம்பி. பாடத் தெரிஞ்சவன்தான் அவன். எடுத்த எடுப்புல மெதுவாத்தான் வாரான். பின்னாடி மேண்டலின் மாதிரி ஒண்ணு கிணுகிணுங்கும். அவ்வளவு பெரிய ஒடம்புக்குள்ள இருந்து அவ்வளவு மெதுவா எப்படி வருதுன்னு தெரியல. காதுல வந்து சொல்லுற மாதிரி சொல்லுதான், ஆனா கதவைத் தாண்டித் தெரு வரைக்கும் போகுது. செகண்ட் இன்ஜினியர் சொன்னான்லா, ராஜா வேசம் கட்டுற ஆளுன்னு. அந்த மிடுக்கு ஒண்ணும் இதுல கெடையாது. இடுப்புச் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு வலை காயப் போட்ட எடத்துல நின்னு பாடுற மாதிரி பாடுதான். அந்த ஊர்ப் பேச்சை அந்த ஊர்ப் பேச்சாவே விட்டுருக்கான். பொறவு ஒரு எடத்துல நிறுத்துவான். மூச்சு வாங்குவான். எல்லாப் பாட்டுக்காரனும் மூச்சு வாங்கத்தான செய்வான், ஆனா நமக்குத் தெரியாம வாங்கிருவான். இவன் ஒளிக்கல. தண்ணிக்குள்ள முங்கப் போறவன் மாதிரி நல்லா வாங்குதான். வாங்கிட்டு மேல போறான். கழுத்து நரம்பு பொடைக்கிற வேலையெல்லாம் கெடையாது, மேல போகப் போகக் குரல் விரியுது. அங்க போயி நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுதான். கெஞ்சல. அழல. வருவாளா மாட்டாளான்னு அவனுக்கே தெரியல, இருந்தும் கூப்பிடுதான். அந்தக் கூப்பாட்டைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான் பாருங்க, எனக்கு மூச்சு முட்டும். அவன் விட்ட பொறவுதான் நான் விடுவேன்.

மறுநாளும் போட்டேன். அதுக்கு மறுநாளும். மத்தியானம் வேற சோலி இல்ல, அதனாலதான். எதுக்க அவ நாற்காலி கெடக்கும். நாற்காலிக்கு நேரா அவன் கூப்பிடுதான். நான் உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்.

அப்பதான் எனக்கு அவ கேட்டது ஞாபகம் வந்துச்சு. வேற ஒண்ணுமில்லையான்னு கேட்டாள்லா. சரி, இருக்குன்னு காட்டுவோம்னு முடிவு பண்ணுனேன். அவளுக்கு வேண்டியது பேச்சுத்தான, பேசித் தள்ளிருவோம். நாடா முடியிற வரைக்கும். மிச்சம்னு ஒரு விரக்கடை கூட இருக்கக் கூடாது, எவனும் உள்ள வரக் கூடாது.

பேட்டரி புதுசு போட்டேன். ஜன்னலைச் சாத்துனேன். வச்சிருதேன்னு வாற எடத்துல நிறுத்தி ரெக்கார்டு பட்டனை அமுக்குனேன். பேசுனேன் தம்பி. மாடிப்படி விரிசல் பூசியாச்சு. பிரகாசியம்மா வீட்டுப் பூனை நம்ம குளியலறையில குட்டி போட்டுருக்கு, நான் வெரட்டல. குழம்புல புளி எம்புட்டுப் போடணும்னு தெரியல, எப்படி வச்சாலும் உன் ருசி வரல. உன் செருப்பு வாசல்லயே கெடக்கு, எடுத்து உள்ள வைக்கல. வேற என்ன. வேற என்ன. அதுக்கு மேல வரல. உள்ள பாத்தா நாடா பாதி கூட ஓடல. வேர்த்து ஊத்துது. இன்ஜின் ரூம்ல அப்படி வேர்த்ததில்ல.

நிறுத்தியிருந்தா திரும்ப அந்தத் தடியன் வந்திருப்பான். பட்டன்ல கை வச்சேன். நாடா ஓடுது. பேசாம விட்டா வெறும் இரைச்சல்லா பதியும், அவ அதைக் கேட்டுட்டு மறுபடியும் என்ன நெனப்பா? அதனால, நீங்க சிரிக்கக் கூடாது, அதனால பாடுனேன். அந்தப் பாட்டைத்தான். எனக்கு வேற பாட்டு தெரியாது. வார்த்தையும் தெரியாது, அவன் சத்தம் எப்படிப் போகுமோ அப்படியே போனேன். பாதியில இருந்துதான் பாடுனேன். அது எப்படி ஆரம்பிக்கும்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதே. மெதுவாப் பாடப் பாத்தேன், வரல. அவன் மூச்சு வாங்குற எடத்துல நானும் வாங்குனேன், அது மட்டும் சரியா வந்துச்சு, நெசமாவே மூச்சு இல்ல. பொறவு அந்த எடம். பேரைச் சொல்லணும். பாட்டுல வருது, நான் என்ன செய்ய. சொன்னேன். திரும்பத் திரும்ப அந்த எடத்துக்கே போயிப் போயிச் சொன்னேன், வேற எடம் ஞாபகம் வரல. நாடா முடிஞ்சு பட்டன் டக்குன்னு மேல வந்துச்சு. அப்பவும் நான் வாயை மூடல.

என்ன தம்பி, நீங்களும் தலையில கையை வைக்கிய, அந்த செகண்ட் இன்ஜினியர் மாதிரி?

அவன் பாட்டு அழிஞ்சுதான் போச்சு. அழியாம எப்படி? ஒருத்தன் இருக்கிற எடத்துலதான இன்னொருத்தன் பேச முடியும். அந்தச் சத்தம் என் காதுல இருக்கு, அது போதும். உங்க போன்ல தேடுனாக் கெடைக்குமா? வேண்டாம், வேண்டாம். அந்த ஆளு பேரும் தெரியாது, பாட்டுப் பேரும் தெரியாது. அட்டை எப்பமோ போச்சு. கெடச்சாலும் அது ஆரம்பத்துல இருந்துலா பாடும். ஆரம்பத்துல இருந்து பாடுனா அது எங்க பாட்டு இல்ல.

அவளுக்கு வருத்தமா இருக்குமோ? நீங்க அப்படி நெனைக்கியளா? அவ கேட்டது வேற ஒண்ணுமில்லையான்னுதான தம்பி. பாட்டைக் கேக்கலியே.

குலசை தாண்டியாச்சு. அந்தா லைட் ஹவுஸ் தெரியுது பாருங்க. பையைக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிச்சுக்கிடுதேன்.

ஒரு கவலைதான் எனக்கு. முன்னாடி பூரா சிமெண்டும் பூனையும் புளியும்தான். அவ பாதியிலயே நிறுத்திட்டாள்னா? கடைசி வரைக்கும் கேளுன்னு சொல்லணும். அவ பெரும்பாலும் கொல்லையிலதான் நிப்பா, கோழிக்குப் போட்டுக்கிட்டு. நான் வாசல்ல நின்னு கூப்பிடணும். ஏட்டின்னா திரும்ப மாட்டா, அந்த வீட்டுல ஏட்டி நாலஞ்சு பேர் உண்டு. இந்தான்னா யாரையோன்னு இருந்துருவா. தனியா நின்னு டேப்புல சொல்லுறது ஒண்ணுமில்ல தம்பி. ஆளு எதுக்க நிக்கும்போது வருமான்னு பாக்கணும். சொல்லிப் பாத்துக்கிடுதேன், தப்பா நெனைக்காதிய.

கார்மே.

ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டனோ? முன் சீட்டுல எல்லாரும் திரும்பிப் பாக்காவ.